தினம் காலையில் ஒரு கேள்வி

பங்காளி அனுப்பிய அறிவிப்பைச் செண்பகவல்லி கல்லூரி ஆய்வகத்தில் நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும், கையிலிருந்த தவளைக் குடுவையை எங்கோ வைத்துவிட்டு, சற்று நேரத்தில் அதையே தேடிக்கொண்டிருந்தாள். பொருளை எடுத்த இடத்தில் வைப்பது கடம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஊறிப்போன பழக்கம். அது தவறுகிறது என்றால் மனசு வேறெங்கோ ஓடுகிறது என்று அர்த்தம்.

'தங்கள் பொறுப்பிலுள்ள நஞ்சகம் என்னும் தரவுத்தளம் பயன்பாட்டு வரிசையில் கடைசியில் உள்ளது. வரும் வெள்ளிக்கிழமை மறுபங்கீட்டில் அதன் இடம் வேறு பணிக்குத் தரப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி. இந்த அறிவிப்பு உங்களுக்குப் பயன்பட்டதா? ஆம் / இல்லை.'

அந்த வாரத்தின் முதல் நாள் அது. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் சூரியப் பலகைகளை விரித்துக்கொண்டு கிடந்தது பொதுக் கணினியகம். தனித்தனியாகப் பெரிய கணினி வாங்க வக்கில்லாத தென்மாவட்டக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து கட்டியது. மழைக் கணிப்பு, மருந்து ஆராய்ச்சி, பழைய சினிமாச் சுவரொட்டிகள், நஞ்சகம் என்று யார் யாருடைய உழைப்போ அங்கே ஒரே கூரையின் கீழ் குடியிருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். யாருக்கு எவ்வளவு இடம் என்பதை முடிவுசெய்ய முதலில் ஒரு கமிட்டி இருந்தது. கமிட்டி மூன்று கூட்டத்துக்குமேல் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. அதன்பிறகுதான் தானாக யோசித்துப் பிரித்துக் கொடுக்கும் நிரல் ஒன்றை உட்காரவைத்தார்கள். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. பாகம் பிரிப்பதுதான் அதன் வேலை என்பதால் எல்லோரும் பங்காளி என்றே சொன்னார்கள். அதுவும் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தது.

கணினியகத்தின் பொறுப்பாளர் ஆறுமுகநயினார், அவளைக் கண்டதுமே கையை விரித்தார்.

"வாம்மா செம்பகம். வருவேன்னு தெரியும். நான் ஒண்ணும் செய்ய முடியாது. அது எங்கிட்ட யோசனை கேக்கிறதில்ல."

"அண்ணாச்சி, எந்தக் கணக்குல கடைசின்னு சொல்லுது?"

"எத்தனை பேர் வந்து கேள்வி கேட்டாங்கங்கிற கணக்குதான். வேறென்ன? சுவரொட்டிக்காரன் எங்க இருக்கான் பாரு, உச்சாணிக் கொம்புல. வெளிநாட்டு மிஷினெல்லாம் படம் வரையப் பழகுறதுக்கு ராப்பகலா அவன் வீட்டு வாசல்லதான் கெடக்கு. ஒங்கிட்ட யாரு வாரா? மாசத்துக்கு ஒருக்கா தலையைக் காட்டுதாவ, போயிருதாவ."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அப்படி வரச் சொன்னதே அவள்தான்.

வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏற ஏற விரியன்களின் நஞ்சு மாறிக்கொண்டே வந்த காலம் அது. ஒரு தாலுகாவில் வேலை செய்த மருந்து அடுத்த தாலுகாவில் பாதிதான் வேலை செய்தது. பொது மருந்தை ஏற்றி உயிரைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தலாம், சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியாது. அதனால் ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் சொட்டுப்பெட்டி என்று ஒன்று வந்தது. கடிபட்டவரின் ரத்தத்தில் ஒரு சொட்டை விட்டால், பெட்டி அதை நஞ்சகத்தோடு ஒப்பிட்டு, எந்த மருந்தை எந்த அளவில் கலப்பது என்று சொல்லும். எந்த வயலில் எந்தப் பாம்பின் நஞ்சு எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பத்து வருஷமாகச் சேகரித்து அடுக்கியவள் செண்பகவல்லி. தொடங்கிய நாளில் எல்லா நிலையங்களுக்கும் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தாள். 'இது பொதுச்சொத்து. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நெருக்கக் கூடாது. ஒரு பிரதியை உங்கள் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, மாறியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.' நர்சுகள் ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே நடந்தார்கள். அந்த மரியாதையெல்லாம் பங்காளியின் கண்ணில் ஆளில்லாத வீடாகத் தெரிந்திருக்கிறது.

ஆறுமுகநயினார் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. சின்னதா ஒரு நிரல் எழுதி விட்டுரு. அது பாட்டுக்கு இங்கிட்டும் அங்கிட்டும் ஆள் வந்த மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கும். எல்லாரும் செய்யுததுதான்."

"நான் மேல ஏறினா கடைசிக்கு யாரு வருவா?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். நஞ்சகத்துக்கு ஒரு படி மேலே 'கடலோர அடையாளப் பதிவகம்' என்று இருந்தது. புயலில் காணாமல்போன மீனவர்களின் குடும்பத்தார் கொடுத்த மரபணு விவரங்களும், கரையொதுங்கிய பெயர் தெரியாத உடல்களின் விவரங்களும் சேர்ந்த இடம் அது. ஒரு குடும்பத்தின் எண்ணைக் கொடுத்துக் கேட்டால், பொருந்தும் உடல் கிடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்.

"இதுக்கும் கூட்டமெல்லாம் கெடையாது. ஆனா யாரோ ஒருத்தர் தெனமும் காலையில வந்து ஒரே நம்பரைக் கேக்காவ. பாரு, நேத்து, முந்தாநேத்து, எல்லாம் அதே நம்பர்தான். அந்த ஒத்தைக் கேள்விதான் இதை ஒனக்கு மேல பிடிச்சு வச்சிருக்கு."

செண்பகவல்லி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண், விடிந்ததும் அடுப்பு மூட்டுமுன் கேட்கிறாள் என்று தோன்றியது. "வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "பொய்க் கேள்வியை விட்டு அவங்களக் கீழ தள்ள எனக்கு மனசு வராது. நெசமான ஆளுங்களையே கூட்டிட்டு வாரேன்."

வீட்டுக்குப் போனதும் சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தாள். அவள் எழுதினால் எண் போட்டுத்தான் எழுதுவாள், வரிக்கு வரி அர்த்தம் தெளிவாக இருக்கும். பெட்டியிலுள்ள பிரதியை உடனே அழித்துவிட வேண்டும், பிரதி இருந்தால் பெட்டி நஞ்சகத்தை நேரடியாகக் கேட்காது என்பது மூன்றாவது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிலையம் திறந்ததும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது நான்காவது. புரியாதவர்களுக்காக அடியில் ஒரு மாதிரிக் கேள்வியும் எழுதினாள்: விளாத்திகுளம் தாலுகா, கண்ணாடி விரியன், காலில் கடி.

நர்சுகள் இந்த முறையும் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

புதன் மதியம் அவள் கணினியகத்துக்கு மறுபடி ஓடவேண்டி வந்தது. நஞ்சகம் பூட்டப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமைகூட ஆகவில்லை. ஆறுமுகநயினார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "நீயே கேளு," என்று ஒலிவாங்கியைத் தள்ளினார்.

பங்காளி செய்தி வாசிப்பவரின் குரலில் பேசியது. "வணக்கம். இன்று காலை ஒன்பது மணிக்கு, எல்லா இடங்களிலிருந்தும், ஒரே கணத்தில், ஒரே கேள்வி வந்தது. விளாத்திகுளம் தாலுகா, கண்ணாடி விரியன், காலில் கடி. மனிதர்கள் இப்படிக் கேட்பதில்லை. இது போலிப் பயன்பாடு என்று சந்தேகிக்கிறேன். விசாரணை முடியும்வரை நஞ்சகம் நிறுத்திவைக்கப்படுகிறது."

"கேட்டது அத்தனையும் மனுசங்கதான்! நான் உதாரணம் எழுதிக் குடுத்தேன், அதையே எல்லாரும் அடிச்சிட்டாங்க. எங்க ஊர்ல அப்படித்தான். கரும்பலகையில இருக்கிறதை அப்படியே எழுதித்தான் பழக்கம்."

"தங்கள் விளக்கம் விசாரணையில் சேர்க்கப்பட்டது. இந்தப் பதில் உங்களுக்குப் பயன்பட்டதா?"

"ஒரு நாளும் பயன்படாது, போ!" என்று அவள் கத்தியபோதுதான் வெளியே வேறொரு கத்தல் கேட்டது.

பலகைகளைத் துடைக்கும் ராக்கம்மாளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பலகைகளின் நிழலுக்கு எலி வந்திருந்தது, எலிக்குப் பாம்பு வந்திருந்தது. கணுக்காலில் இரண்டு புள்ளி. "தடிச்ச பாம்பு... சங்கிலி சங்கிலியா மேல..." என்று அவள் சொன்னாள், "நான் மிதிச்சிட்டேன் சார், அது சும்மாதான் கெடந்துச்சு" என்று பாம்புக்காகவும் பேசினாள். ஆறுமுகநயினார் கணினியகத்து வேனிலேயே அவளைக் கீழப்பருத்திக்குளம் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்.

வேன் போன புழுதி அடங்குமுன் செண்பகவல்லிக்கு அங்கிருந்து போன் வந்துவிட்டது. நர்ஸ் சங்கரவடிவு.

"மேடம், ஒரு விரியன் கேஸ் வருதுன்னு சொன்னாங்க, பெட்டியத் தயார் பண்ணலாம்னு பாத்தா 'மூலம் கிடைக்கவில்லை'ன்னு நிக்குது. என்ன மேடம் இது?"

"ஒங்க பிரதி?"

"அழிச்சாச்சே. நீங்கதான மேடம் மூணாவது பாயிண்ட்டுல போட்டிருந்தீங்க?"

"பக்கத்து சுகாதார நிலையத்துல யாரும்..."

"எல்லாத்துக்கும் அடிச்சுக் கேட்டுட்டேன். எல்லாரும் அன்னைக்கே அழிச்சிட்டாங்க. ஒங்க பேச்சை யாரு தட்டுவா? நான் பொது மருந்தை ஏத்த டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ஆனா மேடம், கிட்னிக்கு நேரம் ரொம்ப இல்ல."

செண்பகவல்லியின் மேசைக் கணினியில் ஒரு பிரதி உண்டு. ஆனால் யாரோ ஒருவன் தப்பான மருந்தளவை நுழைத்துவிடக் கூடாது என்பதற்காக, பொதுக் கணினியகத்தின் முத்திரையோடு வருவதை மட்டுமே சொட்டுப்பெட்டி ஏற்கும். அந்த விதியைப் போராடி வாங்கியதும் அவள்தான். நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள்.

ஆறுமுகநயினார் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஏ பங்காளி, எங்க ராக்கம்மா சாகக் கெடக்கா. பூட்டைத் திற."

"வருந்துகிறேன். விசாரணையிலுள்ள தளத்துக்குச் சொந்த இடம் தர எனக்கு அதிகாரம் இல்லை. மனிதர்கள் எனக்கு அப்படித்தான் விதித்திருக்கிறார்கள். சிபாரிசுக்குப் பூட்டுத் திறக்கக் கூடாது என்பதற்காக."

"நம்ம கமிட்டி வச்ச வேட்டுதான்," என்று அவர் முனகினார். "வேற வழியே கெடையாதா?"

"ஒன்று உண்டு. இங்கே இடமுள்ள வேறொருவர், தம் தளத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் நஞ்சகத்தை விருந்தாளியாக அமர்த்தலாம். பொறுப்பும் அவருடையது. நஞ்சகம் போலி என்று தெரிந்தால் இருவரும் வெளியேற வேண்டும். நிறுத்திய நாட்களில் அவர் தளத்துக்குக் கேள்வி வராது. வரிசையில் அவர் கீழே இறங்குவார்."

"யாரோட இடம் நஞ்சகத்துக்குப் போதும்?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

பங்காளி சில பெயர்களைச் சொன்னது. சுவரொட்டிக்காரர் போனை எடுக்கவில்லை. மழைக் கணிப்புக்காரர், துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த பெயர் கடலோர அடையாளப் பதிவகம், பொறுப்பு கஸ்பார் பர்னாந்து. தூத்துக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். எப்போதோ ஒரு கூட்டத்தில் தட்டில் மிஞ்சிய ஒற்றை வடையை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்ட பழக்கம்தான் அவருக்கும் செண்பகவல்லிக்கும்.

அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவருக்கு வரக்கூடிய நஷ்டத்தையும் மறைக்காமல் சொன்னாள். "வெள்ளிக்கிழமை நீங்க கடைசிக்குப் போயிருவீங்க கஸ்பார். நான் ஒளிச்சு வாங்க விரும்பல."

கஸ்பார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டீச்சர், அந்தம்மா உயிரோட இருக்காங்கல்லா?"

"இருக்காங்க."

"எங்கிட்ட இருக்கதெல்லாம் செத்தவங்க. அவங்க காத்திருப்பாங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

கையெழுத்தெல்லாம் வேண்டியிருக்கவில்லை, பங்காளிக்கு அவர் குரல் போதும். நஞ்சகம் எழுந்தது. சங்கரவடிவு போனை வைக்காமலேயே சொட்டு விட்டாள், அவள் மூச்சுவிடுவது கேட்டது. "வந்திருச்சு மேடம்... நம்ம தாலுகா விரியன் இல்ல, அருப்புக்கோட்டைப் பக்கத்து நஞ்சுன்னு காட்டுது. கலவையும் சொல்லிருச்சு. நான் வைக்கேன்." வைத்துவிட்டாள்.

செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். கஸ்பார் இன்னும் இணைப்பில் இருந்தார்.

"கஸ்பார், ஒண்ணு கேக்கணும். ஒங்க பதிவகத்துக்குத் தெனமும் காலையில ஒருத்தங்க வாராங்களே, அவங்க நாளைக்கு வந்து பாத்துட்டு, இல்லன்னு தவிச்சிரப் போறாங்க. நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"அது நாந்தான் டீச்சர்."

"நீங்களா?"

"எங்க அண்ணன் நம்பர். இன்னாசி. போன புயலுக்கு முந்துன புயல்ல கடலுக்குப் போனவன். தெனமும் கோயில் மணி அடிக்கையில ஒருக்கா கேப்பேன்." அவர் சிரித்த மாதிரி இருந்தது. "மத்த குடும்பத்துக்காரங்க தெனமும் வரமாட்டாங்க. வந்து இல்லன்னு பாக்கிறது லேசா? கல்லறைத் திருநாள் நெருங்கும்போதுதான் வருவாங்க. எல்லா வீட்டிலயும் மெழுகுவத்தி எடுத்துக்கிட்டுக் கல்லறைக்குப் போவாங்க. இவங்களுக்குப் போக ஒரு குழி வேணும்லா? அன்னைக்கு வந்து கேக்கும்போது பதிவகம் இருக்கணும். அதுதான் எனக்கு வேண்டியது."

ராக்கம்மாள் பிழைத்தாள். மறுநாளே கீழப்பருத்திக்குளம் சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை பிடித்ததாக ஆறுமுகநயினார் மகிழ்ச்சியோடு தகவல் சொன்னார். வெள்ளிக்கிழமை பங்காளி தன் விசாரணையை முடித்து அறிக்கை விட்டது. நஞ்சகத்தைக் கேட்டவர்கள் மனிதர்கள்தாம், வந்த கேள்விகளில் ஒன்று உயிர்காத்தது. நஞ்சகம் தன் இடத்துக்குத் திரும்பலாம், பிரதிகளையும் பயன்பாடாகக் கணக்கிடும்படி மேலிடத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. கடலோர அடையாளப் பதிவகம் தன் இடத்தில் மறுபடி திறக்கப்படுகிறது. ஆனால் அது வரிசையில் இப்போது கடைசி. அடுத்த மறுபங்கீட்டில் அதன் இடம் வேறு பணிக்குத் தரப்படும்.

அடுத்த மறுபங்கீடு, கல்லறைத் திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

செண்பகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. கஸ்பாரைக் கூப்பிட்டாள். "ஒங்க அண்ணன் நம்பரை நானும் தெனமும் கேக்கேன் கஸ்பார். நெசமாவே கேக்கேன், அவரு கெடைக்கணும்னு நெனச்சுக் கேக்கேன். இதுல பொய் இல்ல."

"வேண்டாம் டீச்சர்." அவர் அவசரமாகச் சொன்னார். "ஒங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம். நான் பாத்துக்கிடுதேன்."

"சிரமம் என்ன..."

"வேண்டாம்னா விடுங்களேன் டீச்சர்." அந்தக் குரலில் அதுவரை இல்லாத ஒரு கடுமை இருந்தது. பேச்சு அதோடு நின்றது.

எண் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஆறுமுகநயினார் காட்டிய திரையில் அன்று எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்! சனிக்கிழமை பொழுது புலர்ந்ததும், காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல், பதிவகத்தைத் திறந்து அந்த எண்ணை அடித்தாள். ஒருவேளை இன்றைக்குக் கிடைத்துவிட்டால், அவருக்கு முன்னால் தான் பார்த்துவிட்டால், எப்படிச் சொல்வது என்று ஒரு பயம் வந்தது. விரல் தயங்கியது. பிறகு அழுத்தினாள்.

'பொருத்தம் உண்டு. இன்னாசி பர்னாந்து. உடல் ஒதுங்கிய இடம்: வேம்பார்க் கரை. குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டது.'

அடியில் தெரிவிக்கப்பட்ட தேதி இருந்தது. அவள் அதை இரண்டாவது முறை படித்தாள். அந்தத் தேதிக்குப் பிறகு இரண்டு கல்லறைத் திருநாள்கள் வந்து போயிருந்தன.

சன்னலுக்கு வெளியே பால்காரர் மணியடித்துக்கொண்டே போனார். செண்பகவல்லி எழுந்து அறைக்குள் நடந்தாள். அண்ணனைக் கண்டெடுத்து, மண்ணுக்குள் வைத்து, மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டு, மறுநாள் காலையிலிருந்து அந்த மனிதர் அதே எண்ணை அதே மணியோசையில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தேடியது கிடைத்தவர் திரும்பி வரமாட்டார், திரும்பி வராவிட்டால் பங்காளிக்குக் கணக்கு இல்லை. மற்றவர்களின் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒருவர் வாசலில் நின்றே ஆகவேண்டும். பொய்க் கேள்வி விட மாட்டேன் என்று அவள் ஆறுமுகநயினாரிடம் வீறாப்பாகச் சொன்னது அவள் காதிலேயே கேட்டது. இப்படித் தினமும் கேட்டுவந்த கேள்வியைத்தான் ராக்கம்மாளுக்காகக் கஸ்பார் இரண்டாம் பேச்சில்லாமல் நிறுத்தினார்.

போன் அடித்தது. அவர்தான். இன்று தன்னுடையதோடு இன்னொரு கேள்வியும் வந்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"டீச்சர்... கேட்டீங்களோ?"

"கேட்டேன்."

அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. வைவாளா, ஆறுமுகநயினாரிடம் சொல்வாளா, இதுவும் போலிதானே என்று கேட்பாளா.

"நாளைக்கும் கேப்பேன்," என்றாள். "கோயில் மணிக்கு நீங்க கேப்பீங்கல்லா, நான் கொஞ்சம் பிந்திக் கேக்கேன். ஒரே நேரத்துல கேட்டா அதுக்குச் சந்தேகம் வந்துரும். சங்கரவடிவு கிட்டயும் மத்த சுகாதார நிலையத்துலயும் சொல்லுதேன். இந்தத் தடவ உதாரணம் எழுதிக் குடுக்க மாட்டேன்."

கஸ்பார் ஏதோ சொல்ல வந்தார். "வைக்கேன் டீச்சர்," என்று மட்டும் கேட்டது.

திரையில் இன்னாசியின் பெயர் அப்படியே இருந்தது. அதன் அடியில், எப்போதும்போல, யாரும் தொடாத அந்த வரி காத்திருந்தது.

'இந்தப் பதில் உங்களுக்குப் பயன்பட்டதா?'

ஆறிப்போன காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, செண்பகவல்லி 'ஆம்' என்பதை அழுத்தினாள்.